பக்கிங்காம் கால்வாய்: வருஷா வருஷம் தூர் வாரியும் ஏன் தண்ணீர் நகரவில்லை? (வாசகர் கேள்வி – பதில்)

மழைக்காலம் நெருங்கினால், சென்னை வழியாகக் கடற்கரையை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயைப் பற்றிக் கடிதங்கள் குவிந்துவிடும். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

"உப்பும் விறகும் கொண்டுவர வெட்டிய கால்வாய்" என்கிறார் தாத்தா. "பஞ்ச நிவாரணத்துக்கு வெட்டியது" என்கிறார் என் மகளின் ஆசிரியை. யார் சொல்வது சரி? – மயிலாப்பூர் வாசகி

இருவர் சொல்வதும் சரி. ஆளுக்கொரு துண்டைச் சொல்கிறார்கள். இந்தக் கால்வாயை யாரும் ஒரே மூச்சில் வெட்டவில்லை. கடற்கரையை ஒட்டி ஏற்கெனவே கிடந்த உப்பங்கழிகளையும் காயல்களையும் ஒன்றோடொன்று கோத்த வேலைதான் பெரும்பகுதி. முதல் துண்டு, சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல், 1806-ல் முடிந்தது. பணம் போட்டவர் பாசில் காக்ரேன் என்ற வணிகர். அப்போது அதற்குக் காக்ரேன் கால்வாய் என்றே பெயர். பிறகு பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-ல் அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அதன் பின் வடக்கே கிருஷ்ணா டெல்டாவை ஒட்டிய பெத்தகஞ்சாம் வரை 315 கி.மீ., தெற்கே மரக்காணம் வரை 103 கி.மீ. எனக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. சென்னைக்குத் தேவைப்பட்ட சவுக்கு விறகு, உப்பு, நெல் எல்லாம் இதில் வந்தன. தாத்தா சொல்வது இந்தக் கதை.

ஆனால் வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் சந்திக்கவில்லை. நகரத்தின் நடுவே, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் 8 கி.மீ. விடுபட்டிருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) ஊர் ஊராக ஜனங்கள் சென்னையை நோக்கி வந்தபோது, நிவாரண வேலையாக அந்த இடைவெளியை வெட்டச் சொன்னார் கவர்னர், பக்கிங்காம் கோமகன். 1878-ல் மொத்தக் கால்வாய்க்கும் அவர் பெயர் வந்தது. ஆசிரியை சொல்வது இந்த 8 கி.மீ. உங்கள் வீட்டுப் பின்னால் ஓடுவதும் அதுவே.

பஞ்ச வேலை என்றதும் தர்ம காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. 1877-ன் தொடக்கத்தில் மாகாணத்து நிவாரண வேலைகளில் ஓர் ஆணுக்கு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். மண் சுமக்கிற உடம்புக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் சண்டை பிடித்த பிறகுதான் கூலி கூடியது.

கடல் மட்டத்தில் கிடக்கிற கால்வாய்க்கு லாக் எதற்கு? மலையா ஏறப்போகிறது படகு? – திருவல்லிக்கேணி வாசகர்

மலை இல்லை, ஓதம்: கடல் மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது. சென்னைக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்; ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். கால்வாய் ஓர் ஆற்றைக் கடக்கும் இடத்தில் கதவு இல்லையென்றால், வற்றத்தில் கால்வாய்த் தண்ணீர் முழுக்க ஆற்றோடு வழிந்து, பாரம் ஏற்றிய படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். வெள்ள நாளில் அப்படியே தலைகீழ்: ஆறு கால்வாய்க்குள் புகுந்து வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும்.

லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த ஒரு தொட்டி. ஆற்று மட்டம் தாழ்ந்திருக்கும்போது கால்வாயிலிருந்து ஒரு படகு இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப் பக்கக் கதவை மூடிவிட்டு, கால்வாய்ப் பக்க மதகுப் பலகையைத் தூக்கித் தொட்டியைக் கால்வாய் மட்டத்துக்கு நிரப்புவார்கள். மட்டம் சமமானதும் கதவு ஆளின் தள்ளலுக்கே திறக்கும். அதற்கு முன் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. படகு உள்ளே வந்ததும் அந்தக் கதவை மூடி, ஆற்றுப் பக்க மதகைத் திறந்து வடியவிட்டு, மட்டம் இறங்கியபின் ஆற்றுப் பக்கக் கதவு.

இரண்டு கதவுகளும் நேராகச் சேர்வதில்லை. தண்ணீர் உயரமாக நிற்கும் பக்கத்தை நோக்கி ஆப்பு வடிவில் சேரும். தண்ணீர் தள்ளத் தள்ள இறுகும். ஓத ஆற்றில் ஒரு சிக்கல் உண்டு. காலையில் கால்வாய் உயரமாக இருக்கும், மத்தியானம் ஆறு உயரமாகிவிடும். அதனால் இரு திசைக்கும் எதிரெதிராகக் கதவு வேண்டும். கதவின் அடிவாசலில் ஒரு செங்கல் சிக்கினால்கூட முழுக்கச் சேராது. அந்தச் சந்து வழியாகப் பாயும் தண்ணீர் அடித்தளத்தை அரிக்கத் தொடங்கும். பராமரிப்பு நின்ற கால்வாய்களில் முதலில் போவது இதனால்தான் கதவு.

படகுப் போக்குவரத்து எப்போது நின்றது? – நெல்லூரிலிருந்து ஒரு தமிழ் வாசகர்

ஒரே நாளில் இல்லை. 1899-ல் சென்னை–விஜயவாடா ரயில் பாதை வந்ததும் தூரத்துச் சரக்கு போய்விட்டது. அப்புறம் லாரி. 1965–66-லும் 1976-லும் அடித்த புயல்களில் கரையும் லாக்குகளும் சேதமாயின. சரிசெய்யச் செலவு செய்வதற்கு அப்போது போதுமான சரக்கு இல்லை.

பறக்கும் ரயில்தான் கால்வாயைக் கொன்றது என்கிறார்களே? – இந்திரா நகர் வாசகர்

அதற்கு முன்பே சீக்காளிதான். ரயில் வந்து எழுந்திருக்க முடியாமல் செய்தது. நிலம் வாங்க வேண்டாம், வீடு இடிக்க வேண்டாம் என்பதால் தூண்கள் கால்வாய்ப் படுகையிலேயே இறங்கின. 1997-ல் மயிலாப்பூர் வரையும் 2007-ல் வேளச்சேரி வரையும் ரயில் ஓடியது. மயிலாப்பூர், கோட்டூர்புரம், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர் நிலையங்களெல்லாம் கால்வாய்மேல் உட்கார்ந்தவை.

தூண் பிடிக்கும் இடம் மட்டும் கணக்கில்லை. ஓட்டத்தை எதிர்கொள்ளும் முகத்தில் பிளாஸ்டிக்கும் பழந்துணியும் மாட்டி ஒரு தடுப்பாகிவிடும். அதன் முதுகுப் பக்கம் தண்ணீர் சுழன்று வேகம் குறைவதால் வண்டல் இறங்கித் திட்டாகும். அந்தத் திட்டை எடுக்க வேண்டுமென்றால் பொக்லைன் கை நிமிர மேலே இடம் இல்லை. நீட்டுக் கை வைத்த இயந்திரம் கரையிலிருந்து எட்டாது. மிதவை இயந்திரமும் ஆட்களும்தான் கதி. வேலை மெதுவாகும், செலவு ஏறும். ஆகவே ஒப்பந்தக்காரர் தூணுக்குத் தூண் இடையில் எட்டுகிற வரை வாரிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கால்வாய்க்கு 200 மீட்டரில் வீடு. வருஷா வருஷம் தூர் வாருகிறார்கள். வருஷா வருஷம் தண்ணீரும் நிற்கிறது. பணம் எங்கே போகிறது? – பலர்

பணம் எங்கே போகிறது என்பதைத் தணிக்கைக்காரர்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் ஏன் போகவில்லை என்பதைச் சொல்கிறோம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேரும் மழைநீர் ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகக் கால்வாய்க்கு வந்து, தெற்கே சுமார் 15 கி.மீ. ஓடி, முட்டுக்காட்டில் கோவளம் கழிமுகத்தில் கடலைப் பார்க்கிறது. கடல் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், ஆனால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போக வேண்டும். உங்கள் பக்கம் கடல் மட்டத்தைவிட ஒன்றரை மீட்டர் உயர்ந்து நின்றாலும், 15 கி.மீ.க்குப் பங்கு போட்டால் கிலோமீட்டருக்கு 10 செ.மீ. சரிவுதான். தரையில் கண்ணுக்கே தெரியாத சரிவு அது. கடலில் ஏற்றம் வந்தால் அதிலும் ஒரு பங்கு காணாமல் போகும். புயல் காற்று கடலைக் கரைப் பக்கம் தள்ளினால் மிச்சமும் போகும். அந்த நாளில்தான் மழையும் கொட்டும்.

இவ்வளவு தட்டையான கால்வாயில் எது எவ்வளவு முக்கியம் என்று பார்க்க ஒரு கணக்கு. அகலம் 40 மீட்டர், சரிவு மேலே சொன்னது என்று வைத்துப் கால்வாயில் ஓடும் தண்ணீரைப் பொறியாளர்கள் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் போட்டால்:

2 மீட்டர் ஆழம், சுத்தமான மண் படுகை: விநாடிக்கு சுமார் 40 கன மீட்டர், அதாவது 1,400 கனஅடி.
ஆழம் 1 மீட்டர் ஆனால்: 13 கன மீட்டர்.
ஆழம் அதே 2 மீட்டர், ஆனால் கோரையும் ஆகாயத்தாமரையும் அடைத்து உராய்வு மூன்று மடங்கானால்: அதே 13.

ஆழம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை; மூன்றில் ஒரு பங்காகிறது. செடி அடைத்தாலும் அதே நஷ்டம். அதனால் கரையோரம் ஒரு வரிசை வாரி, நடுவில் செடியை விட்டுவைத்தால் எதுவும் மாறாது. அதேபோல, 14 கி.மீ. ஒழுங்காக வாரி ஒரு பாலத்தடியில் மட்டும் விட்டால், அந்தப் பாலம்தான் மொத்தக் கால்வாயின் அளவு.

வேலை எங்கே கெடுகிறது? முதலில், ஆரம்பிக்கும் முனை. புகார் எழுந்த இடத்தில் இயந்திரத்தை இறக்குவது வழக்கம். முகத்துவாரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய பள்ளம் வடியாத குட்டையாகி, முதல் மழைக்கே மேலிருந்து வரும் சேறு அதை நிரப்பிவிடும்.

அடுத்தது வாரியதை வைக்கும் இடம். ஒரு கிலோமீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் கனம் என்றால் 40,000 கன மீட்டர். பத்து கன மீட்டர் டிப்பரில் 4,000 நடை. இத்தனை லாரி போக வழி இல்லாத இடங்களில் சேற்றைக் கரையிலேயே குவிக்கிறார்கள். ஈரச் சேறு உலர்வதற்குள் மழை வந்தால் கால்வாய்க்கே திரும்பும். லாரியில் ஏற்றுமுன் வடிய விட இடமும் நாளும் ஒப்பந்தத்தில் ஒதுக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் வேலையை ஆரம்பித்தால் இரண்டும் கிடைக்காது. பிப்ரவரியில் ஆரம்பிக்கலாம். (அந்தச் சேற்றைத் தோட்டத்துக்குக் கேட்டும் சிலர் எழுதியிருக்கிறார்கள். வேண்டாம். உப்பும், ஆலைக் கழிவின் உலோகமும் சேர்ந்தது.)

பிறகு கரைச் சரிவு. இயந்திரம் செங்குத்தாக வெட்டினால், ஒப்பந்தக்காரருக்குப் பணம் கணக்கிடும் அளவுப் புத்தகத்தில் கன மீட்டர் கூடும். ஆனால் இங்கே இருப்பது இளகிய களி. ஒரு மீட்டர் இறக்கத்துக்குக் குறைந்தது இரண்டு மீட்டர் சாய்வு விடாவிட்டால், வெள்ளம் வடியும்போது கரை தானாகச் சரிந்து கால்வாயை மூடும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது முகத்துவாரம். இந்தக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஆற்றில் ஓட்டம் இல்லாத கோடையில் வாயில் திட்டுப் போட்டு அடைக்கும். அதைத் திறந்து வைத்திருப்பது பொக்லைன் அல்ல, ஓதமே: ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியேறும் வேகத்தில் மணலைத் தள்ளிக்கொண்டு போகும். ஒரு சதுர கிலோமீட்டர் கழிமுகத்தில் 80 செ.மீ. ஓதம் ஏறினால் 8 லட்சம் கன மீட்டர் தண்ணீர் உள்ளே வந்து போகிறது. கழிமுகத்தை மண் கொட்டிக் குறைத்தால் இந்தத் தண்ணீர் குறையும், வாய் சுருங்கும். அடைபட்ட வாயை இயந்திரத்தால் திறந்துவிட்டு உள்ளே ஆழப்படுத்தாமல் போனால், திட்டு சீக்கிரமே திரும்பிவிடும்.

ஆகாயத்தாமரையை ஒழிக்க ஏதாவது மருந்து உண்டா? – அடையாறு வாசகி

கடல் தண்ணீர். உப்பில் அது பிழைக்காது. ஓதக் கால்வாயில் ஆகாயத்தாமரை மண்டியிருக்கிறதென்றால், அங்கே கடல் தண்ணீர் எட்டவில்லை, சாக்கடை மட்டும் எட்டுகிறது என்று பொருள். கையால் வாரினாலும் இரண்டு துண்டு மிதந்துகொண்டிருந்தால் போதும், மறுபடி பரவும். களைக்கொல்லி தெளித்தால் செத்த செடி அடியில் அழுகிச் சேறாகும்.

நாற்றம் தாங்கவில்லை. ஏசி காயில் அடிக்கடி ஓட்டை விழுகிறது, வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு மாதத்தில் கறுக்கிறது. கால்வாய்க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? – கோட்டூர்புரம் வாசகி

பெரும்பாலும் உண்டு. அழுகின முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. சாதாரணச் சாக்கடையைவிடக் கடல்நீர் கலந்த சாக்கடையில் இது அதிகம். கடல்நீரில் சல்பேட் ஏராளம். ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டைத்தான் சல்பைடாக்குகின்றன. தண்ணீர் கறுப்பாக இருப்பதும் இரும்புச் சல்பைடால். இந்த வாயு செம்பையும் வெள்ளியையும் பிடிக்கும். புது ஏசி வாங்கினால் காயிலுக்கு மேற்பூச்சு உள்ளதாகப் பாருங்கள். இன்னொன்று: நாற்றம் திடீரென நின்றுவிட்டதாகத் தோன்றினால் வாயு போய்விட்டது என்று எண்ண வேண்டாம். செறிவு கூடினால் மூக்கு மரத்துவிடும். மேன்ஹோலுக்குள் ஆள் இறங்கிச் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். யாரையும் இறக்கக் கூடாது.

எங்கள் தெருவின் மழைநீர் வடிகாலில் யாரோ கழிவுநீரை விடுகிறார்கள். எப்படி நிரூபிப்பது? – திருவான்மியூர் குடியிருப்போர் சங்கம்

ஏப்ரல், மே மாதத்தில், இரண்டு வாரமாவது மழை இல்லாதபோது, வடிகால் கால்வாயில் விழும் வாய்க்குப் போங்கள். காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள், கடல் வற்றத்தில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். ஏற்றத்தில் வாய் மூழ்கிவிடும். மழையில்லாத நாளில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் கழிவுநீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அளவும் எடுங்கள். 10 லிட்டர் வாளியைக் கம்பில் கட்டிப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 5 விநாடி என்றால் விநாடிக்கு 2 லிட்டர். அதே அளவில் நாள் முழுக்க ஓடினால் 1,72,800 லிட்டர். ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் கழிவு என்று வைத்தால் சுமார் 1,700 பேருடையது. ராத்திரி ஓட்டம் குறையும் என்பதால் மத்தியானமும் இரவும் எடுத்துச் சராசரி போடுங்கள். பிறகு மேல்நோக்கி ஒவ்வொரு மூடியாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், எந்த மூடியில் முதன்முதலில் வடிகால் உலர்ந்திருக்கிறதோ அதற்கும் கீழ் மூடிக்கும் நடுவில் இணைப்பு இருக்கிறது. வடிகால் மாநகராட்சியுடையது, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது, கால்வாய் நீர்வளத் துறையுடையது. புகாரை மூன்று இடத்துக்கும் ஒரே நாளில், ஒன்றின் நகலை மற்றதற்குக் காட்டி அனுப்புங்கள்; இல்லையென்றால் உங்களைப் பந்தாடுவார்கள்.

வாரியம் வழக்கமாகச் செய்வது, வடிகால் வாயில் ஒரு தாழ்ந்த தடுப்புச் சுவர் கட்டி, கழிவை குழாயில் திருப்பிப் பம்பிங் ஸ்டேஷனுக்கு அனுப்புவது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் தற்காலிகம். தடுப்புக்குப் பின்னால் மணல் சேர்ந்தால் குழாய் அடைக்கும், மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், கழிவு சுவரைத் தாண்டி வழியும். வீட்டு இணைப்பைச் சாக்கடைக்கு மாற்றுவதே வேலை முடிந்ததற்கு அடையாளம்.

சுனாமியில் சென்னையைக் காப்பாற்றியது இந்தக் கால்வாய்தானாமே? – எண்ணூர் வாசகர்

ஒரு பங்கு உண்டு. 2004 டிசம்பர் 26-ல் கரை தாண்டி வந்த தண்ணீரைப் பல இடங்களில் கால்வாய் வாங்கிக்கொண்டு, சில நிமிடங்களில் திருப்பிவிட்டது. ஆனால் அது பள்ளம், சுவர் அல்ல. அலையின் உயரத்தைக் குறைப்பது கடலடிச் சரிவும் மணல்மேடும். அதே பள்ளம் கெட்டதையும் கடத்தும்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் உங்கள் கழிமுகத்துக்கு வந்த வழி இதுதான்.

இங்கிலாந்தில் செத்த கால்வாய்களில் மறுபடி படகு விடுகிறார்கள். நம்மால் ஏன் முடியாது? தேசிய நீர்வழி என்று சட்டம்கூட வந்ததே? – புதுச்சேரி வாசகர்

நல்ல உதாரணம் கென்னட்–ஏவன் கால்வாய். 1810-ல் திறந்து, 1852-ல் ஒரு ரயில் கம்பெனி வாங்கி, மெல்லப் பாழாகி, தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகள் உழைத்து 1990-ல் மறுபடி திறந்தது. அங்கே சிக்கல் தண்ணீர். கேன் ஹில் என்ற மேட்டில் 29 லாக்குகள் 72 மீட்டர் ஏற்றுகின்றன. ஒவ்வொரு லாக்கைத் திறக்கும்போதும் 2 லட்சம் லிட்டருக்கு மேல் கீழே போகிறது. அதை மேலே திருப்ப 1996-ல் பம்ப் வைத்தார்கள். தடுப்பைக் கட்டித் தண்ணீரை வடித்து, களிமண் மிதித்து, ஓக் மரக் கதவு பொருத்தினால் கால்வாய் உயிர் பெறும்.

நமக்குத் தண்ணீர் பஞ்சமே இல்லை, கடல் பக்கத்தில் இருக்கிறது. நமக்கு இருப்பது சாக்கடையும் தூணும் தாழ்ந்த பாலமும். 2008 சட்டம் காக்கிநாடா–புதுச்சேரி கால்வாய்களையும் கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளையும் சேர்த்து 1,078 கி.மீ.யை நான்காம் தேசிய நீர்வழி என்றது. முதல் கட்டமாக எடுத்துக்கொண்டது கிருஷ்ணாவில் முக்த்யாலா–விஜயவாடா 82 கி.மீ. நகருக்குள் சரக்குப் படகு வரும் என்று காத்திருப்பது வீண் என்பதே எங்கள் கருத்து. முட்டுக்காட்டிலிருந்து மரக்காணம் வரையிலும், பழவேற்காட்டுப் பக்கமும் கால்வாய் இன்னும் கால்வாயாக இருக்கிறது. சின்னப் படகுக்கு அங்கே வேலை ஆரம்பிக்கலாம். மத்தியப் பகுதியில் இலக்கு வெள்ளம் வடிவதும் சாக்கடை நிற்பதும் மட்டும் போதும்.

எங்கள் மனைக்குப் பின்னால் கால்வாய் எல்லை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விற்பவர் "பட்டா இருக்கு" என்கிறார். – கேளம்பாக்கம் வாசகர்

பட்டாவோடு நிற்காதீர்கள். அந்தச் சர்வே எண்ணுக்கும், அதை ஒட்டிய கால்வாய்ச் சர்வே எண்ணுக்கும் அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) நகலும் எஃப்.எம்.பி. (புல அளவை) வரைபடமும் எடுங்கள், இரண்டும் வருவாய்த் துறை இணையதளத்தில் கிடைக்கும். நகர நில அளவை முடிந்த பகுதியென்றால் டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகல். அ-பதிவேட்டில் கால்வாய் எண்ணுக்கு நேரே புறம்போக்கு என்றும் அதன் வகையும் பரப்பும் இருக்கும். எஃப்.எம்.பி.யில் பொதுவான எல்லைக் கோட்டின் நீளத்தை உங்கள் பத்திரத்து அளவோடு ஒப்பிடுங்கள். பத்திரத்தில் பரப்பு கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எல்லைக் கல் இல்லாவிட்டால் தாலுகா அலுவலகத்தில் அளவைக்கு மனு போட்டு, சர்வேயரை இரு எண்களையும் சேர்த்தே அளக்கச் சொல்ல வேண்டும். உங்கள் மனையை மட்டும் அளந்தால் வேலி இருக்கிற இடத்தையே எல்லையாகக் காட்டிவிடுவார்கள்.

நீர்வளத் துறையிடம் கால்வாயின் அனுமதிக்கப்பட்ட அகலத்தையும் ஆக்கிரமிப்புப் பட்டியலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுவில் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.